கிருஷ்ணாயிலில் ஓடிய மாப்பிள்ளை கார்

விளக்கில் எரிகிற கிருஷ்ணாயில் நாற்றத்தை மனுசன் பொறுத்துக்கொள்ளலாம். அடுப்பில் எரிகிறதையும் பொறுக்கலாம். கார் இஞ்சினுக்குள் பாதி எரிந்து பாதி எரியாமல் வெளியே வருகிற நாற்றம் இருக்கிறதே, அது வேறு. மூக்கில் ஏறினால் இறங்காது. அந்தக் காரை விட்டு நான் விலகிப் பல காலம் கழித்து எனக்கு நிக்காஹ் நடந்தது. அத்தர் பூசிவிட வந்த பெரியவர் என்னை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். குப்பியை மூடி மடியில் சொருகிக்கொண்டார். வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை.

கார் தோமினிக் முதலாளியுடையது. செஞ்சியில் வாடகைக்கு விடுகிற பிளஷர் கார். எந்தத் துரையோ ஓட்டித் தேய்த்து, போதும் என்று விட்டுப்போனது. நசுருதீன் என்கிற நான் அதற்கு டிரைவர். கேலன் போய் லிட்டர் வந்த புதிது. பெட்ரோல் பங்கில் லிட்டர் ஊற்றுவதைப் பார்த்தாலே முதலாளிக்குக் கண்ணில் நீர் வரும், யாரோ அவர் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிற மாதிரி.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் ஓட்டுவார். ஓட்டிவிட்டு, கையில் ஒட்டியிருந்த பருக்கை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். குறைந்திருந்தால் காக்கையைத் திட்டுவார். கை துடைத்த பெட்ரோல் துணியை டாங்கிக்கு மேல் பிழிந்த ஒரே மனிதர் தென்னாற்காடு ஜில்லாவிலேயே அவர்தான்.

அவர்தான் ஒருநாள் பெட்ரோலோடு கிருஷ்ணாயிலைக் கலந்தார்.

"பெட்ரோலும் பத்திக்குது, இதுவும் பத்திக்குது. அப்புறம் இன்னாடா வித்தியாசம்?" என்றார்.

வித்தியாசத்தை இஞ்சின் உடனே சொல்லிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே 'டக டக டக' என்று தட்டும். கடைத்தெருவில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற ஆள் வெளியே வந்து, "எவன்டா அது, எனக்குப் போட்டியாக் கடை போட்டவன்?" என்று தெருவில் இரண்டு பக்கமும் தேடினான்.

பெட்ரோல் அமுக்கத்தைத் தாங்கும், கிருஷ்ணாயில் தாங்காது. ஒரேயடியாக வெடிக்கும். அதுதான் அந்தத் தட்டல். முதலாளிக்கு அது தெரியாது. ஆனால் யாரோ ஒரு லாரிக்காரன், டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பொறி தாமதமாக விழும், தட்டல் நிற்கும் என்று சொல்லியிருக்கிறான். ஸ்பேனரை எடுத்தார், திருப்பினார். கொஞ்சம் என்பது அவர் அகராதியில் கொடுக்கும்போது மட்டும்தான் உண்டு. திருகுகிற வரை திருகினார்.

தட்டல் நின்றது. "பாத்தியா?" என்றார்.

இழுவையும் நின்றது. மேட்டில் ஏறும்போது பின்னால் வந்த எருமை எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தது. நாங்கள் வருகிறோமா என்று. சைலன்ஸர் குழாய் பழுத்துச் சிவந்தது. வல்லம் சந்தையில் ஒரு கிழவி பச்சை வேர்க்கடலையை முறத்தில் போட்டுக் குழாய்க்கு எதிரே பிடித்து வறுத்துக்கொண்டாள். விற்கவும் விற்றாள். வாங்கித் தின்றவர்கள் கொஞ்ச நாளைக்குப் பீடி பற்றவைக்கப் பயந்தார்கள்.

அதோடு பெட்ரோல் முன்னைவிட அதிகமாகச் செலவானது. முதலாளி விடுவாரா? கார்பரேட்டர் திருகை முடுக்கி, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினார். இப்போது கார் தும்மியது. முன்னால் தும்மும், பின்னால் வெடிக்கும். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் பக்ருதீன் அண்ணன் பானட்டைத் திறந்து முகர்ந்தார். வாயில் இருந்த வெற்றிலையை, பாதி மென்றதை, அப்படியே துப்பிவிட்டார். அதன் ருசி கெட்டுவிட்டதாம்.

"தோமினிக்கு, இது வண்டி இல்ல, அடுப்பு" என்றார். "பிஸ்டன் மேல வந்து முட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி விழணும்யா. நெருப்பு பரவ நேரம் வேணும்ல? அப்பதான் அது திரும்பி இறங்கறப்போ முதுகுல ஓங்கி ஒரு உதை விழும். நீ பொறிய லேட் பண்ணிட்ட. பிஸ்டன் பாட்டுக்கு இறங்கிப் போயிடுது, நெருப்பு பின்னாடியே ஓடுது, போன பஸ்ஸைத் தொரத்தற மாதிரி. பஸ்ஸும் கெடைக்கல. எரியற நெருப்பு அப்படியே வெளிய போயி சைலன்ஸரைக் காய்ச்சுது. நீ ஊத்தற பெட்ரோல் வண்டிய இழுக்கல, ரோட்டைக் குளிர் காய வைக்குது."

"அதான் திருகைக் குறைச்சிட்டேனே, பாய்."

"அது அதைவிடக் கேடு. காத்து ஜாஸ்தியானா நெருப்பு சோம்பேறி ஆயிடும். சோம்பேறிய விடியறதுக்கு முன்னாடியே எழுப்பணும். நீ வெயில் வந்தப்புறம் எழுப்பற. சுத்தமான பெட்ரோல் ஊத்து. டிஸ்ட்ரிபியூட்டரை எடத்துக்குத் திருப்பு. திருகைத் தொறந்து விடு. மூணையும் பண்ணு, பாதி பெட்ரோல் மிச்சம்."

"செலவு பண்ணா மிச்சமாவுமா?" என்று முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பாய் ஏமாற்றப் பார்க்கிறாராம்.

இதெல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நடுவில் நேமிராஜன் மாட்டிக்கொண்டார்.

நேமிராஜன் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த நயினார். ஜைனர். ஒரு புழுவுக்கும் தீங்கு நினைக்காதவர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. போன தடவை பெண் பார்க்க எங்கள் காரில்தான் போனார். சீட்டில் ஊறியிருந்த கிருஷ்ணாயில் அவருடைய பட்டு வேட்டியில் ஏறிவிட்டது. பெண்ணின் தாயார், "புள்ள நல்ல புள்ளதான், ஆனா பக்கத்துல விளக்கு கொண்டுபோக முடியாது போலிருக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இந்தத் தடவை மேல்சித்தாமூர். பெண் பெயர் ஜினமதி. அப்பா தரணேந்திர நயினார். இரண்டு குடும்பத்துக்கும் பிடித்துவிட்ட இடம். ஆனால் மறுநாள் காலையில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேறொரு மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு. "பொழுது சாயறதுக்குள்ள வந்து எங்க வீட்ல கை நனைச்சிட்டா சம்பந்தம் முடிஞ்சது. இல்லன்னா காலையில வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று ஆள் அனுப்பியிருந்தார் தரணேந்திர நயினார்.

பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சூரியன் மறைந்த பிறகு ஜைனர் வீட்டில் அடுப்பும் இல்லை, இலையும் இல்லை. ஆகவே சூரியன் இருக்கும்போது போனால் கல்யாணம், மறைந்தபின் போனால் வெறும் தண்ணீரும் கிடையாது.

அன்றைக்குக் கார்த்திகை தீபம். சீக்கிரம் இருட்டுகிற மாதம். பஸ் எல்லாம் திருவண்ணாமலைக் கூட்டத்தில் பிதுங்கிப் போயின. ஊரில் இருந்த இன்னொரு வாடகைக் காரும் அங்கேதான் போய்விட்டது. மிச்சம் நாங்கள்.

நேமிராஜனின் அம்மா சுநந்தம்மாள் காரைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடினார். மறு கையில் ஒரு பாட்டில்.

"அதில் என்னம்மா?" என்றேன்.

"பெட்ரோலுப்பா. சுத்தமான பெட்ரோலு. பட்டுல கறை ஒட்டிக்கிட்டா அங்க போய் எறங்கறதுக்கு முன்னாடி தொடைச்சி விடலாமேன்னு வாங்கினேன். உங்க வண்டிய நம்பி இன்னொரு வேட்டிய பாழாக்க முடியாது."

முதலாளி அந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. ஆளில்லாத ரோட்டில் நகைக்கடையைப் பார்க்கிறவன் பார்வை அது.

டிரைவர் மேல் நம்பிக்கை இல்லாததால் முதலாளியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் டிக்கியில் வேறு ஒரு நாற்றம். வல்லம் சந்தைக்காரன் ஒருவனிடம் காசு வாங்கிக்கொண்டு அவன் கருவாட்டுக் கூடையை உள்ளே வைத்திருந்தார்.

"ஐயய்யோ!" என்று அம்மாள் இறங்கிவிட்டார். "ஏம்ப்பா தோமினிக்கு, நாங்க யாருன்னு தெரியுமில்ல? செத்த மீனோட எம் புள்ளைய பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறியா?"

"மூடித்தானேம்மா கெடக்குது."

"மூடியிருந்தா மூக்குக்குத் தெரியாதா?"

கூடையை இறக்கி, கூடைக்காரனோடு முதலாளி சண்டை போட்டு, டிக்கியை நான் மூன்று முறை கழுவி, கிளம்பும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இரண்டு நாற்றமும் ஒன்றாகிக் கருவாட்டைக் கிருஷ்ணாயிலில் பொரித்த மாதிரி ஒரு புது நாற்றம் பிறந்தது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

கார் போயிற்று. போயிற்று என்றால், நின்று நின்று போயிற்று. இறக்கம் வந்தால் முதலாளி, "இஞ்சினை நிறுத்துடா, சும்மா உருளட்டும்" என்பார். மேடு வந்தால் ரேடியேட்டர் கொதித்து உலை மாதிரி பொங்கும். வயல் கிணறு கண்ட இடமெல்லாம் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். ஊற்றிய தண்ணீரில் அரிசி போட்டிருந்தால் சோறே வெந்திருக்கும். பின்னால் வந்த சைக்கிள்காரன் ஒருவன் குனிந்து எங்கள் குழாயில் பீடி பற்றவைத்துக்கொண்டு, 'நன்றி'க்குப் பதிலாகக் காறித் துப்பிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்லமாட்டேன்.

வல்லம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இஞ்சின் ஒரு தும்மல் தும்மி அடங்கிவிட்டது. டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தேன். குச்சி நான் விட்டபடியே உலர்ந்து வந்தது.

"தீர்ந்துபோச்சு, மொதலாளி."

"தீராதுடா! ஊர்ல ரொப்பினதுதானே? எங்க போச்சு?"

"சைலன்ஸர் வழியா."

குனிந்து ரோட்டைப் பார்த்தார், சிந்திக்கிடக்குமோ என்று.

பெட்ரோல் பங்கு முன்னால் போனால் திண்டிவனம், பின்னால் போனால் செஞ்சி. நேமிராஜன் கீழே இறங்கி மேற்கே பார்த்தார். சூரியன் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த மனிதர் திட்டவில்லை, கத்தவில்லை. "வந்தவாசிக்காரங்க காலையிலயே வந்துடுவாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முதலாளி மேல் அருவருப்பு வந்தது.

"அம்மா," என்றேன், "அந்த பாட்டிலைக் குடுங்க."

"எதுக்கு? அது வேட்டிக்கு."

"இதுல ஊத்தினா போயிடலாம்."

"டாங்கி நெறைய ஊத்தி வராத வண்டி, ஒரு பாட்டில்ல வந்துடுமா?"

நியாயமான கேள்வி. அதற்கு முதலாளியும் தலையை ஆட்டினார். நேமிராஜன்தான் அம்மாவின் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கினார். "கறையோட போனாலும் பரவால்லம்மா. போய்ச் சேரணும்."

பானட்டையே கழற்றி டிக்கியில் போட்டேன். கார்பரேட்டர் திருகைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்து போல்ட்டைத் தளர்த்திப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். பழைய இடம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அங்கே மட்டும் அழுக்கு படியாமல் இருந்தது.

"டேய், தட்டும்டா!" என்றார் முதலாளி.

"கிருஷ்ணாயிலுக்குத்தான் தட்டும். இது அம்மாவோட பெட்ரோலு."

இப்போது பாட்டிலை உயரத்தில் பிடித்து, ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை யாராவது வாயால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால்தான் பெட்ரோல் இறங்கும், அப்புறம் அந்த முனையைக் கார்பரேட்டரில் மாட்டிவிடலாம். என் இரண்டு கையும் இஞ்சினுக்குள் இருந்தன. முதலாளியை உறிஞ்சச் சொல்லலாம், ஆனால் வாய்க்கு வந்ததைத் துப்பமாட்டார். வீண் என்று விழுங்கிவிடுவார். நான் யோசிப்பதற்குள் நேமிராஜனே குழாயை வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். கண் பிதுங்கியது. துப்பினார், துப்பினார், துப்பிக்கொண்டே இருந்தார். தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற வாய் அது.

பாட்டிலைப் பிடிக்க ஆள் வேண்டுமே? முதலாளியை மட்காட்டின் மேல் ஏற்றி உட்காரவைத்தேன். "கெட்டியாப் புடிச்சிக்குங்க. விழுந்தா பெட்ரோல் போயிடும்" என்றேன். விழுந்தால் உயிர் போய்விடும் என்று சொல்லியிருந்தால் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கமாட்டார்.

கிளப்பினேன்.

அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரில் நான் கேட்டதில்லை. தும்மலில்லை, தட்டலில்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. பொறி விழவேண்டிய நேரத்தில் விழ, உதை விழவேண்டிய இடத்தில் விழுந்தது. கொக்கு ஒன்று கூடவே பறந்து பார்த்துவிட்டு, முடியாது என்று வரப்பில் இறங்கி மூச்சு வாங்கியது. முன்னொரு நாள் மேட்டில் எங்களைத் தாண்டிப்போன எருமை எதிரே வந்தது. என்னை அது அடையாளம் கண்டுகொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மட்காட்டின் மேலிருந்து முதலாளி கத்தினார். "மெதுவாப் போடா! செலவாவுதுடா!"

அந்த நேரம் பார்த்து ஈசல் கிளம்பியிருந்தது. கூட்டம் கூட்டமாக.

"வாயை மூடுங்க மொதலாளி!" என்றேன்.

"மெதுவ்... த்தூ... டேய்... த்தூ... நில்லுடா!"

அவர் கத்துவதை நிறுத்தவில்லை, ஈசலும் போவதை நிறுத்தவில்லை. நான் பார்க்க விரும்பாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

தரணேந்திர நயினார் வீட்டு வாசலில் போய் நின்றபோது பாட்டிலில் இன்னும் ஒரு விரல்கடை பெட்ரோல் இருந்தது. சூரியன் பனை அடியைத் தொடப்போனது. உள்ளே இலை போட்டிருந்தார்கள். எல்லோரும் வாசலில் நின்று எங்களை முகர்ந்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மரியாதையான குடும்பம்.

வில்லங்கம் சுநந்தம்மாளிடமிருந்து வந்தது. காரிலிருந்து இறங்கினவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எனக்கு வேணாம். பொழுது போயிடுச்சி."

"அதோ சூரியன் இருக்குதேங்க" என்றார் தரணேந்திர நயினார்.

"எங்க வூட்ல இந்நேரம் மலை நெழலு விழுந்து வெளக்கு வெச்சிருப்பாங்க. மலை நெழலு வாசலுக்கு வந்தா நான் பச்சைத் தண்ணி தொட மாட்டேன். வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அதான் பழக்கம்."

செஞ்சிக்காரர்களுக்குப் பொழுது என்றால் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் போவதுதான். உண்மையில் மறைவதற்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் ஊரில் நிழல் விழுந்துவிடும். அந்த அம்மாள் காலமெல்லாம் மலையின் கணக்கில் சாப்பிட்டவர். அம்மா சாப்பிடாமல் பிள்ளை கை நனைக்க முடியாது. இங்கே சூரியனோ இறங்கிக்கொண்டே இருந்தது. நேமிராஜன் அம்மாவையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்ரோலை உறிஞ்சியபோதுகூட அப்படி முகம் வெளுக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜினமதி.

"ஏங்க அத்த, நீங்க சாப்பிடப்போறது செஞ்சிலயா, சித்தாமூர்லயா? எங்க ஊர்ல மலையே இல்லீங்க. வாங்க, இருக்கற வெளிச்சத்தையும் பேசியே தீர்த்துடாதீங்க."

சுநந்தம்மாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். "'அத்த'ன்னே கூப்பிட்டுட்டாளே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார்.

நேமிராஜன் கை அலம்பி உட்கார்ந்தார். முதல் வாய் தேங்காய்ப்பால் பாயசம். வாயில் வைத்தார். அவருக்கு அது பாயசமாக இருந்திருக்குமா? தொண்டை முழுக்கப் பெட்ரோல். முகம் கோணப் போனது. தரணேந்திர நயினார் எதிரே நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டுப் பாயசத்தைத் தின்று மூஞ்சியைச் சுளிக்கிற மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்?

"இன்னாங்க தம்பி, ருசி இல்லையா?"

நேமிராஜன் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது ஏன் வந்தது என்று அந்தப் பந்தியில் காரில் வந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

ஊற்றினார்கள். குடித்தார். கடைசி வாய் இறங்கியபோது சூரியனும் இறங்கியது. ஜினமதி கார்த்திகை விளக்கை மாடத்தில் வைக்க எடுத்து வந்தாள். அவள் தாண்டிப்போன நேரம் பார்த்து நேமிராஜனுக்கு ஏப்பம் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் கூட்டாமல் சொல்கிறேன். விளக்குச் சுடர் ஒரு சாண் எழும்பி, நேமிராஜனை எட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எண்ணெய் கொஞ்சம் தரையில் சிந்தியது.

"அவரோட வேட்டி ஓரத்த உள்ள மடிச்சிக்கச் சொல்லுங்கப்பா. பத்திக்கப்போவுது" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது.

முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். பாட்டிலில் இருந்த அந்த ஒரு விரல்கடைப் பெட்ரோலை டாங்கியில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை வெளியே நின்றிருக்கிறார். இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு?" என்றார்.

"பொழுது போயிடுச்சுங்களே" என்றார் தரணேந்திர நயினார், நிஜமான வருத்தத்தோடு. "பாவம், வழியில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளியின் மீசையில் ஒரு ஈசல் சிறகு ஒட்டியிருந்தது. மூடிக்கொண்டேன்.

திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பிப் பெட்ரோல் வாங்கி இரவோடு ஊர் திரும்பினோம். மறுநாள் காலையில் அவர் மறுபடி கிருஷ்ணாயிலை ஊற்றினார். இஞ்சின் தட்டியது. ஸ்பேனரை எடுத்தார். நான் சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விடியக் காலையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேல்சித்தாமூர் போனார்கள். சுநந்தம்மாள் முதல் வண்டியில், மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு. கடைத்தெரு முனையில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு முதலாளி நின்றிருந்தார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் அருவருப்போடு மாட்டை அடித்து ஓட்டிப் போய்விட்டான்.

பிறகு அவனை விசாரித்தேன். புண்ணாக்கோடு பாதி மரத்தூள் கலந்து வைத்தால் மாடு கண்டுபிடிக்குமா என்று கேட்டாராம்.